கேரி என்றால் எத்தனை பேர்

மார்ச் 9, வியாழன். இன்று ஒரு தவறு செய்தேன். சின்னத் தவறுதான், கண்ணாடியின் கீழ்மூலையில் நகக்கண் அளவு போயிருக்கிறது, அவ்வளவே, ஆனால் அலமாரிக் கதவில் பதிக்கிற ஆளுயரக் கண்ணாடியில் நகக்கண் அளவு போனாலும் முழுதும் போனதற்குச் சமம்... முதலில் தவறு, அடுத்து காரணம், அடுத்து திருத்தம், இந்த வரிசையில்தான் நாட்குறிப்பு எழுதுவது என்று மாலை ஆங்கில வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து பழக்கி வைத்திருக்கிறேன். தவறை எழுதியாயிற்று. காரணத்துக்கு வரும்போது பேனா நிற்கிறது. நான் கூப்பிடவில்லை, அதுதான் காரணம். இல்லை, கூப்பிடாததுதான் தவறு, கண்ணாடி போனது அதனால் வந்தது, அப்படியென்றால் காரணம் இன்னும் கொஞ்சம் பின்னால் எங்கேயோ நிற்கிறது, அதை எழுதினால் காரணமாக இருக்குமா, சாக்காக இருக்குமா? தெரியவில்லை. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், டீச்சர் இன்னும் வரவில்லை, பகலெல்லாம் மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறவர், கடைசி இருமல்காரரையும் அனுப்பிவிட்டுத்தான் வர முடியும்... இருமல் என்று என் பேனாவே எழுதிவிட்டது பார், அதற்குத்தான் வரவேண்டும், ஆனால் முதலில் இன்றைய பாடத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எழுந்து நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

என் வார்த்தை கேரி. போன வாரம் டீச்சர் காலி மாத்திரை டப்பா ஒன்றில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார், எல்லாம் சாதாரண ஆங்கில வார்த்தைகள், ஆங்கிலமே தெரியாது என்கிறவர்களும் தினம் சொல்கிறவை, ஒரு வாரம் அந்த வார்த்தையோடு குடித்தனம் பண்ணிப் பாருங்கள், அதற்கு எத்தனை அர்த்தம், அதற்குப் பதிலாக வேறென்ன சொல்லலாம், உங்கள் வேலையில் அது எங்கே வருகிறது, எழுந்து நின்று பேச வேண்டும், ஆங்கிலத்தில் தொடங்குங்கள், முட்டினால் தமிழுக்கு வாருங்கள், அகராதியை ஒப்பித்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்றார். வகுப்பில் கூடப் படிக்கிற, லிஃப்ட் பழுது பார்க்கிற அண்ணனுக்கு ஃபால், அதாவது விழுவது, வந்தது. டீச்சர், என் பொழப்புல வாயில வரக்கூடாத ஒரே வார்த்தை இதுதான், மாத்திக் குடுங்க என்று கெஞ்சினார், வகுப்பே சிரித்தது, டீச்சர் மாற்றவில்லை. எனக்கு வந்த சீட்டைப் பார்த்ததும் இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன், கேரி பேக், டிபன் கேரியர், சைக்கிள் கேரியர், முடிந்தது. முதல் நாள் திமிர். இரண்டாம் நாள் அது கொழுக்க ஆரம்பித்தது, வீட்டிலும் கடையிலும் எதைப் பார்த்தாலும் யாரோ எதையோ தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள், காற்று விதையை, கம்பி மின்சாரத்தை, கொசு காய்ச்சலை, தெருமுனைக் குரல் என் ஜன்னல் வரைக்கும் தன்னையே... எல்லாவற்றுக்கும் கேரிதானாம். கூட்டல் கணக்கில் பத்துக்கு மேல் போனால் பக்கத்து வரிசையின் தலையில் குட்டியாக ஒரு ஒன்று எழுதுவோமே, அதுவும் கேரி. கூட்டத்தில் எல்லாரும் கைதூக்கித் தீர்மானம் நிறைவேறினாலும் கேரி. கடையில் ஒரு சரக்கு எப்போதும் கிடைக்கும் என்றாலும் கேரி. இதை நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையின் முதலாளியிடம் சொன்னேன், அப்ப நம்ம கடை என்னல்லாம் கேரி பண்ணுது சொல்லு பாப்போம் என்றார், நாலு மில்லி, அஞ்சு மில்லி, எட்டு மில்லி, முகம் பாக்கறது, பனி போட்டது என்று கண்ணாடி வகைகளை அடுக்கினேன், ஒண்ண விட்டுட்ட, ரெண்டு பொம்பளைங்க வாயையும் சேத்து என்றார், கடையில் பெண்கள் நானும் அண்ணியும்தான்.

நம்மிடம் தூக்குவதற்கு எத்தனை வார்த்தை இருக்கிறது என்று இந்த வாரம்தான் கவனித்தேன். மூட்டையைச் சுமக்கிறோம், தட்டை ஏந்துகிறோம், குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொள்கிறோம், பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறோம், குடையைப் பிடித்துக்கொள்கிறோம், கூரையைத் தூண் தாங்குகிறது, எந்தப் பொருள் உடம்பில் எங்கே உட்காருகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள், ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு போய்விடுகிறது, இது சிக்கனமா, சோம்பலா? ஒன்று மட்டும் அந்த மொழியில் எனக்குப் பிடித்தது, ஒருத்தி எப்படி நிமிர்ந்து நடக்கிறாள் என்பதற்கும் கேரிதான், தன்னைத்தானே தூக்கிக்கொண்டு போவது. அண்ணி அப்படித்தான் நடப்பாள். கையில் ஒன்றும் இல்லாதபோதும் ஒரு பெரிய கண்ணாடியை எடுத்துப் போகிற மாதிரி, முழங்கை ஒட்டி, தோள் தளர்ந்து, அவசரமே இல்லாமல். நான் என்னை இழுத்துக்கொண்டு போகிறேன், அதற்கு வேறு வார்த்தை. சரி... எல்லாம் எழுதி, அடிக்கோடு போட்டு, சிவப்பு மையில் வார்த்தை, நீல மையில் அர்த்தம் என்று பிரித்து முடித்த பிறகு ஒன்று உறுத்தியது. சுமக்கிறவன், ஏந்துகிறவள், இடுக்கிக்கொள்கிறவள், எல்லாரும் ஒற்றை ஆள். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பொருளைத் தூக்கினால் அதற்கு என்ன பெயர்? ஆளுக்கொரு பக்கம் பிடி என்று சொல்லலாம், அது ஏற்பாடு, வார்த்தை இல்லை. ஆங்கிலத்திலும் கேரிதான், எத்தனை பேர் என்று அது கேட்டுக்கொள்வதில்லை. எனக்குத் தெரியாமல் எங்காவது ஒரு வார்த்தை இருக்கலாம், எனக்குத் தெரியாதது நிறைய.

எங்கள் வேலையே இரண்டு பேர் வேலை. ஆளுயரக் கண்ணாடி என்றால் முன்பிடி ஒருவர், பின்பிடி ஒருவர், முன்பிடி கண்ணாடிக்கு வலப்பக்கம், பின்பிடி இடப்பக்கம், அப்போதுதான் சாயாது, அதனால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, நடுவில் கண்ணாடி நிற்கும். முகம் பார்க்கிற கண்ணாடி என்றால் இன்னும் வேடிக்கை, பின்பிடிக்கு அதில் தன் முகம்தான் தெரியும், முன்பிடிக்கு அதன் பழுப்பு முதுகு. நான் பின்பிடி. வேலை நேரத்தில் நான் அதிகம் பார்க்கிற முகம் என்னுடையதுதான், அதுவும் மூச்சு வாங்குகிற முகம். வழி தெரிவது முன்பிடிக்கு, ஆனால் படிக்கட்டுத் திருப்பத்தில் கண்ணாடியின் வால் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டதா என்பது பின்பிடிக்கு மட்டும்தான் தெரியும், அதனால் திருப்பத்தில் வால் தாண்டியதும் பின்பிடி கூப்பிட வேண்டும், முன்பிடி இருக்கேன் என்று சொல்லிவிட்டுத்தான் திரும்ப வேண்டும், இது முதலாளியின் சட்டம். ஏய், ஓய் என்று கூப்பிடக் கூடாது. கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஏய் என்றால் பத்துப் பேர் திரும்புவார்கள், எவனாவது ஒருத்தன் ம் என்பான், அந்த ம்-மை நம்பினா கண்ணாடி சிரிச்சிடும், பேரச் சொல்லு, இல்ல உறவச் சொல்லு, அவங்களுக்குன்னு இருக்கிற வார்த்தையச் சொல்லு என்பார். கண்ணாடி சிரித்துவிடும் என்றால் உடைந்துவிடும். உடைந்தது என்ற வார்த்தையை எங்கள் கடையில் யாரும் வாயில் எடுப்பதில்லை, லிஃப்ட் அண்ணன் ஃபால் சொல்லப் பயந்தபோது வகுப்பில் சிரிக்காத ஒரே ஆள் நான்தான்.

என்னை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே அண்ணிதான். அவளுக்குப் பின்பிடியாக இருந்த பெண் வேலையை விட்டபோது, வீட்டுல ஒருத்தி சும்மாதான் புத்தகத்த முறைச்சிட்டு இருக்கா, கை நடுங்காது, யோசிச்சு யோசிச்சுத்தான் அடி வைப்பா, கண்ணாடிக்கு அதுதான் வேணும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள். முதல் நாள் வண்டியில் போகும்போது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, உலகத்துல நாத்தனாரை நம்பிக் கண்ணாடியத் தூக்கற ஒரே அண்ணி நான்தான், என் பேர எழுதி வையுங்க என்று யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு நாத்தனாரே. திருப்பங்களில் நான் அண்ணி என்பேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருக்கேன் நாத்தனாரே என்று வரும், மாடி மாடியாக, அண்ணி, இருக்கேன் நாத்தனாரே, அண்ணி, இருக்கேன் நாத்தனாரே... வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துச் சிரிப்பார்கள், இதென்ன வீட்டுச் சண்டையைப் படிக்கட்டில் வைத்துக்கொள்கிறார்களா என்று.

போன மாதம் அண்ணனும் அண்ணியும் சட்டப்படி பிரிந்துவிட்டார்கள். கையெழுத்து ஆகிவிட்டது. அடிதடி இல்லை, மூன்றாவது ஆள் இல்லை, இரண்டு பேரும் நல்லவர்கள், தனித்தனியாக. சேர்ந்து இருக்கும்போது ஒருவர் பேச்சு இன்னொருவருக்கு எட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தும். அண்ணன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான், அவன் தூங்குமூஞ்சி, போனில் கேட்டால் ம், சாப்பிட்டேன் என்பான், அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் வராது, ஆனால் அவன் போன பிறகு அவனுடைய செருப்பு வைக்கிற இடத்தில் நானும் அம்மாவும் ஒன்றும் வைப்பதில்லை. அண்ணி கடைக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அம்மா முன்பு மருமக, மருமக என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், இப்போது வாயில் எதுவும் வருவதில்லை, அந்தப் பொண்ணு என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கிறாள். ஆனால் காலையில் எனக்குக் கட்டுகிற டிபன் கேரியரில் ஓர் அடுக்கு அதிகம். முதல் நாள் கேட்டேன், மிஞ்சிப்போச்சு, வீணாப் போகும், யாருக்காவது குடு என்றாள். தினமுமா மிஞ்சும்? நான் கேட்கவில்லை. அந்த அடுக்கை அண்ணி சாப்பிட்டுவிட்டுக் கழுவி, துடைத்து, வெறும் அடுக்காகத் திருப்பித் தராமல் எதையாவது போட்டு வைப்பாள், ஒருநாள் ஒரு பொத்தான் அட்டை, ஒருநாள் அம்மாவுக்குப் பிடித்த பாக்கெட் பிஸ்கட், அதையும் யாரும் பேசுவதில்லை. அவர்களுக்கு வாய் வேண்டியதில்லை, கேரியர் போதும். எனக்கு வாய் வேண்டும், என் வேலையே வாயில்தான் இருக்கிறது, திருப்பத்துக்குத் திருப்பம்.

அண்ணன் மனைவி என்பதால் அண்ணி. மனைவி இல்லையென்றால்? இந்தக் கேள்வி கையெழுத்து ஆன மறுநாள் காலை, கடை வாசலில், கண்ணாடியின் விளிம்பில் கையுறையை வைத்தபோதுதான் எனக்கு வந்தது, வாயைத் திறந்தேன், வார்த்தை வெளியே வரவில்லை. இனி அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா? கூப்பிட்டால் அவளுக்கு வலிக்குமோ, முடிந்துபோன ஒன்றை நான் தினம் படிக்கட்டுக்குப் படிக்கட்டு ஞாபகப்படுத்துகிற மாதிரி ஆகுமோ? அக்கா என்று கூப்பிடலாம், ஆனால் அக்கா பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்ணுக்கும் சொல்வது, அண்ணியிலிருந்து அக்காவுக்கு என்றால் அது உறவா, நகர்த்தி வைப்பதா? பேர் சொல்லலாமா... என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், அவள் பெயரை நான் இதுவரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், யாரோ வேறு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மேடம் என்றால் அவளே கண்ணாடியைப் போட்டுவிட்டுச் சிரிப்பாள். நாளைக்கே அண்ணன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தால் அவள் அண்ணி ஆகிவிடுவாள், யாரென்றே தெரியாத ஒருத்தி, ஒரு கண்ணாடி கூடத் தூக்காதவள்... வேடிக்கை, எழுதும்போது என் கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை, அண்ணி, அண்ணி என்று பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். வாய்தான் கோழை. அதனால் நான் என்ன செய்தேன் என்றால், இருமினேன். திருப்பம் வந்ததும் தொண்டையைச் செருமி ஒரு சின்ன இருமல். முதல் நாள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, இருக்கேன். நாத்தனாரே இல்லை. வெறும் இருக்கேன். அப்படியே ஓட்டினோம்.

இன்றைக்கு அந்த வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, படிக்கட்டு குறுகல். முதல் திருப்பம் இருமினேன், இருக்கேன், தாண்டினோம். இரண்டாம் திருப்பத்தில் என் பக்கத்து வால் இன்னும் கைப்பிடிச் சுவரைத் தாண்டவில்லை, நான் ஒரு படி கீழே நின்று கண்ணாடியைச் சற்றுத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், கண்ணாடியில் என் முகம், நெற்றியில் ஒட்டின முடி, அப்போது மேல்மாடிக் கதவு திறந்தது, வீட்டுக்காரப் பெரியவர் எட்டிப் பார்த்தார் போலிருக்கிறது, இருமினார். நல்ல கனமான இருமல். அந்தப் பக்கத்தில் உடனே இருக்கேன் என்று வந்தது, அண்ணி திரும்பிவிட்டாள். நங் என்றுகூட இல்லை, டிக் என்று ஒரு சத்தம், அதற்குள் எல்லாம் முடிந்தது. இரண்டு பேரும் கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்து மூலையைப் பார்த்தோம், அப்போதுதான் பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன், அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மூலையையே பார்த்துக்கொண்டு, உனக்கு இவ்ளோ பெரிய இருமலான்னு நினைச்சேன் என்றாள். பெரியவர் மேலே இருந்து, என்னம்மா, ஏதாச்சும் ஆச்சா என்றார். ஒண்ணும் இல்ல அய்யா, கண்ணாடி லேசா சிரிச்சிடுச்சு, நாளைக்கு வேற கொண்டு வரோம் என்றாள். அவருக்குப் புரிந்திருக்காது. வண்டியில் திரும்பும்போது நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன், சிக்னலில் நின்றபோது அவள், போற வழியில இருமல் மருந்து வாங்கித் தரட்டா, பச்சை கலரா, சிவப்பு கலரா என்றாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, அவளுக்கும்தான், ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் சிரித்துவைத்தேன், சிக்னல் பச்சையாகிவிட்டது.

முதலாளி மேசையில் கண்ணாடியைப் படுக்கவைத்து, எங்க சிரிச்சுது, வாய்விட்டா, புன்னகையா என்றார். கீழ்மூலை, புன்னகைதான் என்றேன். யாரால? நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, நான்தான் முந்தித் திரும்பிட்டேன் என்றாள். முந்தினது சரி, இவ கூப்பிட்டாளா? நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன், வாசல்லயே இருமிட்டு இருமிட்டுத் தூக்கறீங்க, இது கண்ணாடிக் கடையா, காசநோய் ஆஸ்பத்திரியா என்றார், பிறகு குரலைத் தாழ்த்தி, இதோ பாருங்கம்மா, உங்க வீட்டு விஷயம் எனக்குத் தேவையில்லை, ரெண்டு பேரும் நல்லாத் தூக்கறீங்கன்னுதான் ஜோடி போட்டேன், நாளைக்கு வேற வெட்டித் தரேன், அதே வீடு, அதே படிக்கட்டு, கூப்பிட்டுத் தூக்கினா தூக்குங்க, இருமல்தான்னா ஜோடியப் பிரிச்சிடறேன், முன்பிடிக்குப் பின்னாடி வேற ஆளைப் போடறேன், நீ பட்டறையில உக்காந்து விளிம்பு தேய். விளிம்பு தேய்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பட்டறை பின்கட்டில், அண்ணி நாள் முழுக்க வண்டியில். இந்த வேலை இல்லையென்றால் நாங்கள் பார்த்துக்கொள்ள ஒரு சாக்கும் கிடையாது, அவள் எங்கள் வீட்டுக்கு வர முடியாது, நான் அவள் அறைக்குப் போனால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், அந்த ஒன்றும் சொல்லாததுதான்... டிபன் கேரியரின் அந்த அடுக்கைப் பிறகு யார் எடுத்துப் போவது? பழியையும் அவளே ஏற்றுக்கொண்டாள், அதற்கும் ஆங்கிலத்தில் கேரிதான் வருகிறது என்று நினைக்கிறேன், டீச்சரிடம் கேட்க வேண்டும். டீச்சர் வந்துவிட்டார். மூடுகிறேன்.

வகுப்பு முடிந்தது. வாசல் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், என் பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது, எதிரில் துணிக்கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குனிந்து குனிந்து பெருக்குகிறார்கள். லிஃப்ட் அண்ணன்தான் முதலில் பேசினார், தூக்கத்தில் விழுவது, காதலில் விழுவது, விலை விழுவது என்று ஆரம்பித்து, கடைசியில், விழறதுக்கு எத்தனை விதம் இருக்கோ அத்தனைக்கும் எங்ககிட்ட தனித்தனி பிரேக் இருக்கு டீச்சர், காதலுக்கு மட்டும் கம்பெனி இன்னும் செய்யல என்றார், நல்ல கைதட்டல். என் முறை வந்தபோது ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சரியாகச் சொன்னேன், ஐந்தாவதில் முட்டியது, தமிழுக்கு வந்துவிட்டேன். கூட்டல் கணக்கு சொன்னேன், கொசு சொன்னேன், தன்னைத்தானே தூக்கிக்கொண்டு நடப்பதைச் சொன்னபோது டீச்சர் தலையை ஆட்டினார். பிறகு, எல்லாம் ஒரு ஆளுக்குத்தான் வார்த்தை இருக்கு டீச்சர், ரெண்டு பேர் ஒரே பொருளைத் தூக்கினா அதுக்குத் தனியா எனக்கு ஒண்ணும் கிடைக்கல என்றேன். டீச்சர் யோசித்தார், யோசித்துவிட்டு, எனக்கும் தெரியல, தேடிட்டு வந்து சொல்றேன் என்றார். டீச்சருக்குத் தெரியாதது ஒன்றை நான் கேட்டுவிட்டேன் என்ற பெருமை ஒரு நிமிஷம் இருந்தது, உடனே கேள்வியே தப்போ என்ற பயமும். லிஃப்ட் அண்ணன் விடவில்லை, ஏம்மா, முன்னாடி பிடிக்கறது யாரு என்றார். வகுப்பே என்னைப் பார்க்கிறது. முதலில் கூட வேலை செய்றவங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அது பொய் இல்லை, பொய்யும்தான். எங்க வீட்டு ஆளு என்று வந்துவிட்டது. யார் சொன்னது என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

எப்படித் தூக்குவீங்க, காட்டுங்க என்றார் டீச்சர். கண்ணாடிக்கு எங்கே போவது, ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த பழைய பலகையை எடுத்தோம், பெரியது, நிறுத்தினால் என் தலைக்கு மேல் வருகிறது, லிஃப்ட் அண்ணன் நான் வரேன் என்று முன்பிடிக்கு வந்து நின்றார், நான் பின்பிடி, மேசைகளுக்கு நடுவே ஒரு திருப்பம், பலகையின் வால் தாண்டியது, அண்ணே என்றேன். இருக்கேம்மா என்றார். திரும்பினார். ஒரு மேசையையும் தொடவில்லை. கைதட்டினார்கள், பலகையைப் பழையபடி சாய்த்து வைத்தோம், அவர் கையைத் தட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார், நான் மட்டும் பலகை பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன் போலிருக்கிறது, டீச்சர் உக்காருங்க என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் கேட்டது. அண்ணே என்று எவ்வளவு சுலபமாக வந்தது! அவர் என் அண்ணன் இல்லை, அவர் வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது, வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிற ஆள், உரிமை இருக்கிறதா, வலிக்குமா என்று ஒன்றும் யோசிக்கவில்லையே. அவர் இருக்கேன் என்று சொல்லாமல் போயிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது, பலகையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை கூப்பிட்டிருப்பேன். அப்படியென்றால் இத்தனை நாள் நான் உட்கார்ந்து அலசினது, அக்காவா, பேரா, சட்டப்படி அண்ணியா இல்லையா, அவளுக்கு வலிக்குமா... எல்லாம் சாக்கு. எனக்கு வார்த்தை தெரியாமல் போகவில்லை, ஒருநாளும். அண்ணி என்று கூப்பிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராமல் போய்விட்டால்? நான் பயந்தது அதற்குத்தான். இருமலுக்குப் பதில் வராவிட்டால் இருமல்தானே என்று இருந்துவிடலாம்.

இது காரணம் என்று எழுதி அடிக்கோடு போடப் போனேன், அப்போது இன்னொன்று. அந்த இரண்டாம் திருப்பத்தில் அண்ணி ஏன் அவ்வளவு சட்டென்று பதில் சொன்னாள்? என் இருமல் அவளுக்குத் தெரியாதா, பூனை தும்முகிற மாதிரி ஒரு இருமல் என்னுடையது, அது பெரியவரின் இருமல், தூக்கத்தில் கேட்டாலும் வித்தியாசம் தெரியும். இருந்தும் உடனே இருக்கேன் என்றாள், இத்தனை நாள் சொன்ன மெலிந்த இருக்கேன் இல்லை, பழைய சத்தத்தில், அடுத்த வார்த்தை வரப்போகிற மாதிரி. படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பழுப்பு முதுகைப் பார்த்தபடி, இந்தப் பக்கத்திலிருந்து எது வந்தாலும் என் குரல் என்று எடுத்துக்கொள்ளத் தயாராக, யாரோ ஒரு பெரியவரின் இருமலைக்கூட... அவள் மட்டும் நாத்தனாரே என்று ஏன் சொல்லவில்லை என்று நான் கணக்கு வைத்திருந்தேனே, நான் கூப்பிட்டால்தானே அவள் அதைச் சொல்ல முடியும், சட்டம் அப்படித்தானே, பின்பிடிதான் முதலில் கூப்பிட வேண்டும். அல்லது அவளுக்கும் பயமா? தெரியாது. ஒருவேளை நான் எழுதுகிற இதெல்லாம் என் ஆசைதானோ, அவள் வெறுமனே களைத்துப்போய்க் கவனிக்காமல் திரும்பியிருக்கலாம், மூன்றாம் மாடி, மதிய வெயில். அதையும் எழுதி வைக்கிறேன். பஸ் வருகிறது, விளக்கு தெரிகிறது, என்னுடையதா என்று இன்னும் தெரியவில்லை.

திருத்தம். நாளை காலை முதல் வேலையாக முதலாளியிடம் போய், கூப்பிடாதது நான் என்று சொல்ல வேண்டும். பிறகு புதுக் கண்ணாடியை வண்டியில் ஏற்ற வேண்டும். அதே வீடு, மூன்றாம் மாடி, நான் பின்பிடி. ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணி என்று கூப்பிட வேண்டும், சத்தமாக, பதில் வரும்வரை கையைத் தளர்த்தாமல் நிற்க வேண்டும்.